மடுவில் வைத்த படம்

தம்புள்ளைச் சந்தையில் தராசு பொய் சொன்னாலும் நோபர்ட்டின் தோள் பொய் சொல்லாது என்று வியாபாரிகள் பேசிக்கொள்வார்கள். வெங்காய மூட்டை தோளில் ஏறி இரண்டு எட்டு வைத்ததும் "இது நாப்பத்தெட்டு" என்பார். தராசில் போட்டால் நாற்பத்தெட்டுக் கிலோதான் காட்டும். ஐம்பது காட்டினால் ஆட்கள் தராசைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட மனுஷனுக்கு இருபத்திரண்டு வருஷம் சோறு பொங்கிப் போட்டவள் நான். என் பெயர் மார்கிரட். எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் ஊர் பலாபத்வலை முழுக்கத் தெரிந்த விஷயம், அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் புதிதாகக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவர் பிறந்தது மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பேர் பதிந்து கொழுந்து நிறுக்கும் வேலை பிடிக்காமல் பதினேழு வயதில் டவுனுக்கு இறங்கி மூட்டை தூக்கினார். அந்த வேலை செய்கிறவனைச் சிங்களத்தில் நாட்டாமி என்பார்கள். எண்பத்துமூன்று கலவரத்தில் மாத்தளை எரிந்தபோது கடை இழந்த முதலாளிமார் பலர் வடக்கே போய்விட்டார்கள். மூட்டை தூக்குகிறவன் எங்கே போவான்? எரிந்த கடைகளில் எரியாமல் மிஞ்சிய மூட்டைகளைத் தூக்கினார். தம்புள்ளையில் பெரிய சந்தை திறந்த பிறகு அங்கே போனார். விடியலில் போய், பிற்பகலில் வெங்காய வாசத்தோடு வருவார். வேலை முடிந்தால் எதையும் தூக்கமாட்டார். நான் கடையில் வாங்கிய சீனிப் பையைக்கூட என் கையிலேயே விட்டுவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பெரிய துரை மாதிரி முன்னால் நடப்பார். "என்னங்க, இத கொஞ்சம் புடிங்களேன்" என்றால் "சந்தையில தூக்குறது போதும் புள்ள" என்பார். அதற்கும் எனக்குச் சண்டைதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, சண்டை மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு டிசம்பரில், நத்தாருக்கு முந்தின வாரம் லொறியிலிருந்து விழுந்தார். லொறி பலீலுடையது. பலீல் எங்களுக்கு அடுத்த வீடு, தம்புள்ளைக்கும் கண்டிக்கும் மரக்கறி ஏற்றுகிறவர். மூட்டைகளின் மேல் நின்று கயிறு அவிழ்த்தபோது கயிறு அறுந்து, மல்லாக்காக சீமெந்துத் தரையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று பலீல் சொன்னதை அவர் கேட்கவில்லை. உக்குவளையில் எலும்பு பார்க்கும் ஒரு வெதமாத்தயாவிடம் போய், எண்ணெயும் பத்தும் போட்டு, மூன்று வாரம் பலகையில் படுத்திருந்து எழும்பினார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. எழும்பி நடந்த மனுஷனுக்கு எதற்கு எக்ஸ்ரே என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு இரண்டாயிரத்து நாலு ஜனவரியில் ஒன்றுக்குப் போகும்போது இரத்தம் வந்தது. இரண்டு மாதமாக வந்திருக்கிறது, மனுஷன் மறைத்திருக்கிறார். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் சீ.டி. படம் எடுத்து, கிட்னியில் புற்றுநோய் என்று சொல்லி, ஒரு கிட்னியையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் இருந்துகொண்டு நான், வடக்கே மன்னார்ப் பக்கம் காட்டுக் கோயிலில் இருக்கும் மடு மாதாவுக்கு நேர்ந்தேன். இவரைச் சுத்தமாக்கித் தந்தால் இந்த நோயை உன் காலடியில் கொண்டுவந்து வைக்கிறேன் தாயே என்றுதான் நேர்ந்தேன். வெள்ளியில் கண் செய்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், மெழுகில் கால் செய்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் நோயையே வைப்பதாகச் சொல்லிவிட்டேன்.

ஜூலையில் மறுபடியும் சீ.டி. எடுத்தார்கள். ஒன்றுமில்லை, சுத்தம் என்றார்கள். அப்போது சமாதான காலம். ஏ நைன் ரோட்டு எங்கள் வீட்டு வாசலால் நேரே யாழ்ப்பாணம் வரை திறந்து கிடந்தது. ஆகஸ்ட் திருவிழாவுக்கு மடுவுக்குப் போக பஸ் பேசினோம். முன்னே எடுத்த படமும் பின்னே எடுத்த படமும் ஒரே கவருக்குள் இருந்தன. அந்தக் கவரை எடுத்து என் பைக்குள் வைத்தபோது அவர் பார்த்துவிட்டார்.

"அது எதுக்கு? வேணாம், வீட்டுலயே இருக்கட்டும்," என்றார்.

"நேர்ந்திருக்கேன்."

"மாதாவுக்குப் படம் பாக்கத் தெரியுமா? மெழுகுதிரி வாங்கி வையேன்."

"ஒங்களுக்கு மூட்டையப் பத்தித்தான் தெரியும். நேர்த்தியப் பத்தி எனக்குத் தெரியும்."

நோயின் படத்தை வீட்டில் வைத்திருப்பது, நோய்க்குப் பாய் விரித்து வைத்திருப்பது மாதிரி என்று எனக்கு ஓர் எண்ணம். எங்கள் ஆட்களில் பலருக்கும் அப்படித்தான். பஸ்ஸில் மதவாச்சி தாண்டும்போது மறுபடியும் "வேணாம் மார்கிரட்டு" என்றார். கோயிலில், நேர்ச்சைப் பொருள்களை வாங்கி வைக்கும் அறைக்கு முன்னால் நின்று மூன்றாம் தரமும் சொன்னார். நான் கேட்கவில்லை. சிஸ்டர் மார்ஜரி என்று ஒரு கன்னியாஸ்திரி அங்கே பொறுப்பாக இருந்தார். கவரின் மேல் 'நோபர்ட், பலாபத்வலை, சுகத்துக்கு நன்றி' என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, கொப்பியில் பதிந்து, அல்மாரிக்குள் வைத்தார். திரும்பி வரும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்று என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போல இருக்கிறது.

மூன்று வருஷம் நன்றாக இருந்தார். பாரம் கூடாது என்று டொக்டர் சொன்னதைக் கேட்டு அரை மூட்டை தூக்கினார், பிறகு கேட்காமல் முழு மூட்டை தூக்கினார். இரண்டாயிரத்து ஏழு ஆகஸ்டில் ஒரு நாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்து, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

"ஒரு மூட்டைய ஐம்பதுன்னு சொன்னேன். தராசுல முப்பத்தஞ்சு."

அவர் அப்படித் தப்பியதே இல்லை. இடுப்புக்கு மேலே, முதுகின் நடுவில் கொஞ்ச நாளாக நோகிறது, இருமினால் உயிர் போகிறது என்று அப்போதுதான் சொன்னார். இந்தத் தடவை நான் ஒரு நாளும் விடவில்லை. அடுத்த நாளே பலீல் தன் லொறியின் முன்சீட்டில் எங்களை ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோனார். செப்டம்பர் பத்தாம் திகதி முதுகைச் சீ.டி. எடுத்தார்கள்.

படம் பார்க்கும் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆறுமுகநாதன் என்று பெயர். கண் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுவார். படத்தை விளக்குப் பெட்டியில் செருகி, எங்கள் இரண்டு பேரையும் கிட்டக் கூப்பிட்டார். ஏழை பாழை என்று பார்க்காமல் விளங்கப்படுத்துகிற நல்ல மனுஷன்.

"இங்க பாருங்கோ. இது நாரி எலும்புகள், இடுப்புப் பக்கத்து முள்ளெலும்பு. கீழயிருந்து எண்ணுங்கோ, அஞ்சு, நாலு, மூண்டு, ரெண்டு. இந்த ரெண்டாவது சப்பையாக் கிடக்கு, உள்ளுக்கை ஒரு ஓட்டையும் தெரியுது. நீங்கள் எப்பவாவது விழுந்தனீங்களோ?"

"லொறியில இருந்து விழுந்தேங்க. ஆறு வருசம் ஆவுது," என்றார் இவர்.

"அதுதான் பிரச்சினை. விழுந்து உடைஞ்சு பொருந்தின எலும்பும் இப்பிடி இருக்கும். அந்தப் பழைய கிட்னி வருத்தம் பரவினாலும் இப்பிடி இருக்கும். கிட்னி ஒப்பரேசனுக்குப் பிறகு எடுத்த படத்தில இந்த எலும்பும் விழுந்திருக்கும். அதையும் இதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சா அஞ்சு நிமிசத்தில சொல்லிப்போடுவன். அப்பவும் சப்பையா இருந்தா விழுந்ததுதான், பயமில்லை. அப்ப நல்லா இருந்திருந்தா இது பரவினது. உடன கரண்ட், அதுதான் கதிர் வைத்தியம், பிடிக்கோணும், இல்லாட்டிக் கால் விளங்காமல் போயிரும். பழைய படத்தைத் தாங்கோ."

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மடுவுல இருக்குங்க," என்றேன்.

டொக்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. படம் எடுத்த இடத்துக்கு டெலிபோன் பண்ணிக் கேட்டார். அந்த மெஷினை மாற்றிவிட்டார்களாம், பழையது ஒன்றும் இல்லையாம். பழைய ரிப்போர்ட் என்னிடம் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

"எலும்பைப் பற்றி ஒரு சொல்லும் இதில இல்லை. எழுதாட்டி நல்லா இருந்ததெண்டும் நினைக்கலாம். அந்த டொக்டர்மார் பார்த்தது வயித்தை, எலும்பைக் கவனிக்கேல்லை எண்டும் நினைக்கலாம்."

"வேற வழியில பாக்க ஏலாதுங்களா?" என்று கேட்டேன்.

"ஊசி போட்டுத் துண்டெடுக்கிறதெண்டா நரம்புக்குப் பக்கத்தில குத்தோணும், எனக்குப் பயமாக் கிடக்கு. வேற ஒரு சோதினை இருக்கு, அதில உடைஞ்ச எலும்பும் ஒரே மாதிரித்தான் தெரியும். சும்மா கரண்ட் பிடிச்சா இருக்கிற கிட்னிக்கும் கூடாது. எப்பிடியாவது அந்தப் படத்தை எடுக்கப் பாருங்கோ அம்மா. எடுக்க ஏலாட்டி, மூண்டு மாதத்தால திரும்பப் படம் எடுத்து, இதோட வைச்சுப் பார்ப்பம். மாறாமல் இருந்தா நல்லது."

அந்தப் படத்தைக் கேட்டு எங்கள் பங்குச்சாமி மன்னாருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அது போய்ச் சேருமா என்று அவருக்கே நிச்சயமில்லை. ஏ நைன் ரோட்டு அடைபட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது, மடுப் பக்கம் ஷெல் விழுகிறது என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. கடிதத்துக்குப் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. ஒக்டோபரில் ஒரு நாள், பலீலின் பெண்சாதி றாபியாவை இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வவுனியா பஸ்ஸில் ஏறினேன்.

மதவாச்சியில் எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்று என் அடையாள அட்டையைக் கொடுத்தேன். சின்ன வயது ஆமிக்காரன். மாத்தளைக்காரிக்கு மடுவில் என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டான். நானும் சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னேன். புருஷனுக்கு வருத்தம், படம் கோயிலில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். பாஸ் இல்லாமல் அங்கால் போக முடியாது, பாஸ் இருந்தாலும் மடுவுக்குப் போக முடியாது என்றான். பிறகு இரக்கப்பட்ட மாதிரி, "படம் கண்டியிலேயே எடுக்கலாமே நோனா" என்றான்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "கண்டியில இன்னைக்கு எடுக்கலாம் தம்பி. இரண்டாயிரத்து நாலாம் வருசத்த கண்டியில எடுக்கலாமா?" என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. பின்னால் நின்ற பெண் என் சேலையைப் பிடித்து இழுத்து, வாயை மூடச் சொன்னாள். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன், அந்தப் பையனை ஏசினேன், மாதாவையும் ஏசினேன். என்னை ஏசிக்கொள்ள மட்டும் அப்போது எனக்கு வரவில்லை.

எல்லோரும் ஒன்றையே வேண்டிக்கொண்டோம். முதுகு விழுந்து உடைந்ததாகவே இருக்க வேண்டும். பலீல்தான் எல்லோரையும்விட அதிகமாக வேண்டினார். ஒரு நாள் வேலியோரம் நின்று சொன்னார், "தங்கச்சி, ஆறு வருசமா அந்தக் கயித்த நெனச்சி நெனச்சி நான் மனசு நொந்தவன். இப்ப அஞ்சு நேரத் தொழுகையிலயும் கேக்கிறேன், அல்லா, அது என் லொறியால வந்ததாவே இருக்கட்டும் எண்டு." இப்படி ஒரு மனுஷன் தன் மேல் பழி வரவேண்டும் என்று தொழுததை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

இவர் வலிக்குக் குளிசையைப் போட்டுக்கொண்டு, பின்னால் கையைக் கட்டி முற்றத்தில் நடப்பார். "கூடல்ல, அப்படியேதான் இருக்கு" என்பார். அது பொய் என்று எனக்குத் தெரியும். நவம்பரில் செருப்பு காலிலிருந்து கழன்றது அவருக்குத் தெரியவில்லை, வெறுங்காலோடு நடந்துபோய்க்கொண்டே இருந்தார். பார்த்த நான் அதைச் சொல்லாமல் செருப்பை எடுத்துப் போய் மாட்டிவிட்டேன். கண்டிக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் திகதி கிடைத்துப் படம் எடுக்கும்போது டிசம்பர் நாலு ஆகிவிட்டது. அன்றைக்கு அவரைப் பலீல்தான் தூக்கிக்கொண்டு போனார். எத்தனை ஆயிரம் மூட்டை தூக்கிய மனுஷன் இன்னொருவர் தோளில் கிடக்க, நான் அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

செப்டம்பர் படமும் டிசம்பர் படமும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டொக்டர் ஒன்றும் சொல்வதற்கு முன் நானே கீழேயிருந்து எண்ணினேன். ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. செப்டம்பரில் அரிசி அளவாக இருந்த ஓட்டை இப்போது எலும்பின் பாதியைத் தின்றிருந்தது. முன்னே சுத்தமாக இருந்த மூன்றாவதிலும் ஒரு புள்ளி இருந்தது.

"பரவினதுதான் அம்மா," என்றார் டொக்டர். "கரண்ட் பிடிப்பம். நோவு குறையும். கால்..."

பத்து நாள் கரண்ட் பிடித்தார்கள். நோவு குறைந்தது, கால் வரவில்லை. ஜனவரியில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். ரோட்டில் தம்புள்ளைக்குப் போகிற லொறிகளைப் பார்த்து, "அதுல பாரம் கூட, பின் டயரப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவரைக் கழுவித் துடைக்கும்போது என் வாய் சும்மா இருக்காது. திரும்புங்க, அசையாதீங்க, சாப்பிடுங்க என்று கத்திக்கொண்டே இருப்பேன். கத்துவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் கத்தவிட்டார்.

ஏப்ரல் மாதம், கோடை வெயில் காய்கிற ஒரு காலையில், பங்குச்சாமி வீட்டிலிருந்து ஒரு பார்சலைப் பலீல் வாங்கிக்கொண்டு வந்தார். சண்டை நெருங்கி, சிஸ்டர் மார்ஜரி மடுவை விட்டு மன்னாருக்கு வெளியேறும்போது, உடுதுணிகளோடு அந்தக் கவரையும் எடுத்து வந்திருக்கிறார். ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது. 'கடிதம் பிந்தித்தான் கிடைத்தது. இதையாவது காப்பாற்ற முடிந்தது. சுகமாயிருக்கிறார் என்று நம்புகிறேன்.'

கவரின் மேல் என் கையெழுத்து அப்படியே இருந்தது. அதை அவர் கண்ணில் காட்டாமல் குசினியில் ஒளிக்கப் பார்த்தேன்.

"கொண்டா இங்க," என்றார்.

"இப்ப அது எதுக்குங்க?"

"கொண்டாங்கிறேன்."

கொடுத்தேன். கவரைக் கையில் ஏந்தி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "கால் கிலோ வராது," என்றார். பிறகு ஜூலையில் எடுத்த படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். டிசம்பர் படத்தை மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். நான் அதைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். பலீல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவர் விரலை வைத்துக் கீழேயிருந்து எண்ணினார். நானும் மனதுக்குள் எண்ணினேன். பழைய படத்தில் இரண்டாவது எலும்பு புதுச் சவர்க்காரக் கட்டி மாதிரி நாலு மூலையும் சரியாக, முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. விழுந்ததில் அவருக்கு எலும்பே உடையவில்லை. இது அன்று டொக்டரின் கையில் இருந்திருந்தால், அவர் சொன்ன அந்த ஐந்து நிமிஷம் போதும். செப்டம்பரில் அந்த டொக்டரின் அறைக்குள் இவர் தன் காலால் நடந்துதான் போனார்.

"பலீல்," என்றார் இவர். "ஒன் லொறி மேல குத்தமில்ல. பாத்தியா."

"குத்தமா இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும், நோபர்ட்," என்று சொல்லிவிட்டுப் பலீல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் நின்றேன். இப்போது ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அவர் படங்களை மெதுவாகக் கவரில் போட்டு, மூடியை மடித்து, என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒங்கிட்ட மூணு தரம் வேணாம்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இன்னும் ஒரு தரம் சொல்லியிருக்கணும் நான்."

அவ்வளவுதான். ஜூன் மூன்றாம் திகதி கண்ணை மூடும்வரை அவர் அந்தப் பேச்சை மறுபடியும் எடுக்கவில்லை. அவர் ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், அது எனக்குத் தெரிந்த வேலை.